திரைக்கதை வகுப்பும் இருபது வளைவுகளும்

(ஏற்காட்டில் நடந்த முன்னாள் மாணவர் சங்கமத்தின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவன் பாடு எப்போதுமே திண்டாட்டம்தான். வெளியே ஏற்காட்டுக் குளிர், உள்ளே பிரியாணி. போதாக்குறைக்கு நம் செயலாளர், "பதினஞ்சு நிமிஷம்தான், அதுக்கு மேல போனா மைக்கை நிறுத்திடுவேன்" என்று சொல்லித்தான் என்னை மேடை ஏற்றியிருக்கிறார். நிறுத்தக்கூடிய ஆள்தான் அவர். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை சேலத்திலிருந்து இங்கே வரும்போது, ஏற்காடு சாலையில் தனியாக நிற்கிற ஒரு முகப்பு வளைவைப் பார்த்திருப்பீர்கள். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டியவர்களும் இருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் அது. டி.ஆர்.சுந்தரம் அவர்கள் தொடங்கிய நிறுவனம். 1937-இல் 'சதி அகல்யா'வில் ஆரம்பித்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', 1938-இல் அவர்கள் எடுத்தது. தமிழில் முழுநீள வண்ணப்படம் என்று முதலில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1956-இல் அவர்கள் எடுத்தது. சென்னைக்குப் போகாமல் சேலத்திலேயே உட்கார்ந்துகொண்டு இவ்வளவும் செய்தார்கள். அங்கே கதை இலாகா என்று ஒன்று இருந்தது. மாதச் சம்பளத்துக்கு எழுத்தாளர்களை வைத்துக் கதை எழுதவைத்த காலம் அது.

நாம் படித்த காலத்தில் அதெல்லாம் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் அந்த வாசலைக் கடக்கும்போது பஸ்ஸில் யாராவது ஒருத்தர் தலையை எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார். அந்த வாசல்தான் நம் தமிழய்யாவுக்கு ஒரு யோசனை கொடுத்தது.

1987-ஆம் வருஷம். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, மூன்றாவது மாடிக் கடைசி அறையில், திரைக்கதை வகுப்பு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். மதிப்பெண் கிடையாது, கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. முதல் வாரம் நாற்பது பேர் வந்தோம். சினிமாவில் சேர வழி சொல்லப் போகிறார் என்று நினைத்தோம். அவரோ தாளை நடுவில் மடிக்கச் சொன்னார். இரண்டாவது வாரம் பதினோரு பேர்.

அந்தத் தாள் மடிப்புதான் முதல் பாடம். இடப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். வலப் பக்கத்தில் காதுக்குக் கேட்பதை மட்டும் எழுத வேண்டும். இரண்டிலும் சேராதது திரைக்கதையில் சேராது. சொல்லக் கேட்டால் சுலபம். எழுதிப் பாருங்கள், தெரியும். நான் எழுதிய முதல் வரி, "அவன் தன் வறுமையை எண்ணி மனம் வெதும்பினான்." ஐயா கேட்டார்: "வெதும்பினான், சரி தம்பி. கேமராவை எங்கே வைக்கிறது?"

வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து மாற்றி எழுதினேன். அவன் சட்டைப்பையில் இருக்கிற சில்லறையை எண்ணுகிறான். டீக்கடைப் பலகையில் எழுதியிருக்கிற விலையைப் பார்க்கிறான். தண்ணீர் மட்டும் கேட்டு வாங்கிக் குடிக்கிறான். ஐயா படித்துவிட்டு, "இப்ப வைக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவர் பாராட்டு.

"உன் வலப் பக்கத்தைக் கையால மூடிக்கோ. இடப் பக்கத்தை மட்டும் படி. கதை புரியுதா? புரிஞ்சா எழுதியிருக்கே. புரியலைன்னா பேசியிருக்கே" என்பார். இதற்கு அவர் காட்டிய சாட்சி யார் தெரியுமா? எல்லிஸ் ஆர். டங்கன். அமெரிக்காவிலே சினிமா படித்துவிட்டு 1935-இல் இந்தியாவுக்கு வந்தவர். எம்.ஜி.ஆர். முதன்முதலில் நடித்த 'சதி லீலாவதி'யை இயக்கியவர். மாடர்ன் தியேட்டர்ஸில் 1950-இல் வந்த 'மந்திரி குமாரி'யை சுந்தரம் அவர்களோடு சேர்ந்து இயக்கியவரும் அவரே. அந்தப் படத்துக்கு வசனம் கலைஞர் கருணாநிதி. வசனத்துக்காகவே ஜனங்கள் கொட்டகைக்குப் போன காலம். அந்த வசனம் ஓடிய படத்தை இயக்கியவருக்கோ தமிழ் பேச வராது! "அவருக்கு இடப் பக்கம் புரிஞ்சாத்தான் ஷாட் வைக்க முடியும். நீங்க எழுதறதை முதல்ல டங்கனுக்குப் புரியவையுங்க" என்பார் ஐயா. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் "டங்கனுக்குப் புரியலை" என்றால் போதும், அந்தத் தாளைக் கிழித்துவிடுவோம்.

இரண்டாவது பாடத்துக்கு இந்த மலைக்கே கூட்டி வந்தார்.

'மந்திரி குமாரி'க்கு மூலம் குண்டலகேசி என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று. நாதகுத்தனார் பாடியது. இன்றைக்குக் கையில் இருப்பவை சில பாடல்கள்தான். ஆனால் கதை தப்பிவிட்டது. கொலைக்களத்துக்கு இழுத்துப் போகிற கள்வனை மாடியிலிருந்து பார்த்து ஒரு வணிகர் மகள் விரும்புகிறாள். தகப்பனார் அவனை மீட்டு மணம் செய்துவைக்கிறார். ஒருநாள் ஊடலில், "நீ கள்வன்தானே" என்று ஒரு வார்த்தை விட்டுவிடுகிறாள். அவன் அதை மனசிலே வைத்துக்கொண்டு, அவளை மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான், தள்ளிவிடுவதற்கு. அவள் கடைசியாக ஒரு வரம் கேட்கிறாள். "உம்மை மூன்று முறை வலம்வந்து வணங்க வேண்டும்." மூன்றாவது சுற்றில் அவனை அவள் தள்ளிவிடுகிறாள். படத்திலும் மந்திரி மகள் தன் கொள்ளைக்காரக் கணவனை இப்படித்தான் முடிக்கிறாள்.

லேடிஸ் சீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, விளிம்பே இல்லாத ஒரு தட்டையான பாறையில் எங்களை நிறுத்தினார். ஆளுக்கு ஆள் பிரித்து நடிக்கச் சொன்னார். அன்றைக்கு மந்திரி குமாரியாக நடித்தவர், இதோ மூன்றாவது வரிசையில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மின்வாரியத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்று தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் வலம்வந்த அழகு இருக்கிறதே! மூன்றாவது சுற்றில் அவர் தள்ளிய தள்ளலில் கணவனாக நின்றவருக்கு முழங்கை சிராய்ந்தது நிஜம்.

சிரித்து முடித்த பிறகு ஐயா கேட்டார். "எதுக்கு மூணு சுத்து? ஒரே சுத்தில தள்ளியிருக்கலாமே?"

பதினோரு பேரும் முழித்தோம். அவரே பிரித்துக் காட்டினார். முதல் சுற்றில் அவள் கும்பிட்டபடி வருகிறாள், அவன் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் போகும்போது கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறான். இன்னும் நம்பவில்லை. இரண்டாவது சுற்றில் கழுத்துத் திரும்பவில்லை. பெருமையாக நிற்கிறான். மூன்றாவது சுற்றில் அவனுக்கு அலுத்துவிட்டது, பள்ளத்தாக்கைப் பார்க்கிறான். அவன் முதுகு அவளுக்குக் கிடைக்கிறது. "கதையில இது ஒரு வரி. திரைக்கதையில மூணு படி. ஒவ்வொரு படியிலயும் யாரோ ஒருத்தர் மனசு மாறணும், அது கண்ணுக்குத் தெரியணும்" என்றார்.

பிறகு சொன்னதுதான் முக்கியம். "அவ கேட்டது என்ன? வலம்வரணும். அவளுக்கு வேண்டியது என்ன? உயிர். மனுஷன் கேக்கிறது ஒண்ணு, அவனுக்கு வேண்டியது வேற ஒண்ணு. பேனாவை எடுக்கிறதுக்கு முன்னாடி, இந்த ஆளுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கோ. தெரியாம எழுதினா பொம்மைதான் வரும்."

எழுதிக்கொண்டோம். ஆனால் எனக்கு அது உண்மையிலே புரிந்தது இரண்டு மாதம் கழித்துத்தான்.

என் அப்பா இந்த மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். உங்களில் பல பேர் அவர் வண்டியில் வந்திருப்பீர்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. வீடு ஏற்காட்டில், நான் சேலத்தில் விடுதியில். டைப்ரைட்டிங் படித்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கை அன்றைக்கு. அப்பா மாதாமாதம் இருபத்தைந்து ரூபாய் தனியாகக் கொடுப்பார், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் கட்ட. அந்த வகுப்பும் சனிக்கிழமை மதியம்தான். நான் போனதோ மூன்றாவது மாடிக்கு. அந்த ரூபாய் தியேட்டர் டிக்கெட்டுக்குப் போயிற்று. ஒரே படத்தை மூன்று தடவை பார்க்கச் சொல்லியிருந்தார் ஐயா. ஒரு தடவை கதைக்கு, ஒரு தடவை காட்சி வரிசைக்கு, ஒரு தடவை பக்கத்து சீட்டுக்காரர்கள் எங்கே அசைகிறார்கள் என்று பார்க்க. இப்படி மூன்று மாதம், எழுபத்தைந்து ரூபாய்.

ஐயா ஒரு பயிற்சி கொடுத்தார். இரண்டு பேர், ஒரே இடம், மூன்று பக்கம். அயல்நாட்டுக் கணக்கில் ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிஷம். நான் என் கதையையே எழுதினேன். மகன் பணத்தைச் செலவழித்தது டிரைவர் அப்பாவுக்குத் தெரிந்துவிடுகிறது. பளார் என்று அறைகிறார். வறுமையைப் பற்றி ஒரு பக்கம் வசனம் பேசுகிறார். மகன் அழுதுகொண்டே மலை விளிம்புக்கு ஓடுகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

ஐயா பொறுமையாகப் படித்தார். "இந்த அப்பாவுக்கு என்ன வேணும்?"

"பையன் சினிமாவை விட்டுட்டு டைப்ரைட்டிங் படிக்கணும் ஐயா."

"அது நீ பயப்படறது. அவருக்கு வேண்டியது என்ன? கேட்டியா?"

கேட்டதில்லை. பத்தொன்பது வயது வரைக்கும் என் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி கடைசி டிரிப்பில் ஏறினேன். அப்பாவுக்குப் பக்கத்தில், இன்ஜின் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தேன். எதிரே, 'ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகை என் சின்ன வயதிலிருந்தே எனக்கு வசதி. அன்றைக்கும் பேசாமலேயே வந்தேன். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்தது. வண்டியை ஓரம் கட்டினார். ஜனங்கள் இறங்கி நின்றார்கள். நான் தகர டின்னில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். டார்ச்சை நான் பிடித்தேன், அவர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"டைப்பிங்ல ஸ்பீடு எவ்வளவு வந்திருக்கு கண்ணு?"

நான் ஒரு எண்ணைத் தயாராக வைத்திருந்தேன். சொல்ல வாய் வரவில்லை. "நான் போறதே இல்லைப்பா. மூணு மாசமா" என்றேன். கொஞ்ச நேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும்தான். பிறகு சொன்னார்:

"தெரியும். அந்த இன்ஸ்டிடியூட் சார் போன மாசமே நம்ம வண்டியில வந்தார்."

"ஏம்ப்பா கேக்கலை?"

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

அவ்வளவுதான். மூடியைத் திருகினார், ஹாரன் அடித்தார், ஜனங்கள் ஏறினார்கள். மீதி வளைவுகளை ஏறி வந்தோம். அந்தப் பலகை எதிரேயே இருந்தது. ஆனால் இந்தத் தடவை நான் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை.

நண்பர்களே, ஸ்பீடு எவ்வளவு என்று அவர் கேட்டார். அவருக்கு வேண்டியது அது இல்லை. மகன் வாயால் உண்மை வர வேண்டும். ஒரு மாதம் அதற்காகக் காத்திருந்தார். வாராவாரம் பஸ்ஸில் என்னை உட்கார வைத்துக் கூட்டி வந்துகொண்டே காத்திருந்தார். நான் எழுதிய அப்பாவோ அறைந்து, அழுது, வசனம் பேசினார். நிஜ அப்பா தண்ணீர் ஊற்றினார்.

அந்தக் காட்சியை அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். மூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமாகிவிட்டது. வலப் பக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய வரிகள்தான். ஐயா படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார். "இதை வகுப்பில படிக்க வேண்டாம். வீட்டுல படிச்சுக் காட்டு" என்றார்.

படித்துக் காட்டினேன். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை வெறுங்கையால எவனாவது திறப்பானா? கொஞ்சம் ஆறவிட்டு, மேல சாக்குத் துணியைப் போட்டு மெதுவாத் திருகணும். இல்லேன்னா மூஞ்சி வெந்துடும். பக்கத்திலதான டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னே, பார்க்கலையா?"

பார்க்கவில்லை. அவர் கேட்ட கேள்வியையே நினைத்துக்கொண்டு நின்றவன், அவர் கையைப் பார்க்கவில்லை. சாக்குத் துணியைச் சேர்த்தேன். மடித்த தாளின் இடப் பக்கத்தில் அது ஒரு வரி. திரைக்கதையில் எனக்குக் கிடைத்த மூன்றாவது பாடம் அது. கற்றுக்கொடுத்தவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எழுதுகிற ஆளின் வேலை என்ன, கருவி என்ன, கை எப்படிப் போகும் என்று தெரியாமல் எழுதக்கூடாது.

பிறகு இன்னொன்றும் கேட்டார், எழுந்து போகும்போது. "அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்?"

பையன் டைப்ரைட்டிங்கும் படித்தான், ஹையர் வரைக்கும். தபால் துறையில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். சினிமாவுக்குப் போகவில்லை. அந்தப் பதினோரு பேரில் ஒருவர்கூடப் போகவில்லை என்று நினைக்கிறேன். அதனால் அந்த வகுப்பு வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பெரியவர் நான்காவது நாளாக வந்து, "மணியார்டர் வந்திருக்கா?" என்று கேட்பார். இவர் கேட்கிறது மணியார்டர், இவருக்கு வேண்டியது மகனிடமிருந்து ஒரு வரி என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கார்டை எடுத்து, "என்ன எழுதணும், சொல்லுங்க" என்பேன். அது அந்த மூன்றாவது மாடி அறையில் கற்றது.

ஐயா இன்று நம்மோடு இல்லை. அப்பாவும் இல்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன, வாசல் மட்டும் நிற்கிறது. இன்றைக்குப் பிள்ளைகள் கையில் போனிலேயே கேமரா இருக்கிறது. படம் எடுக்கிறார்கள், அழகாகவே எடுக்கிறார்கள். எதிரே நிற்பவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கக் கற்றுத்தர மட்டும் ஆள் வேண்டியிருக்கிறது.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. நம் கல்லூரியில் சனிக்கிழமை மதியம் அந்த வகுப்பை மறுபடி தொடங்க அனுமதி வாங்கிக் கொடுங்கள். சம்பளம் வேண்டாம், ஒரு அறையும் கரும்பலகையும் போதும். நான் வருகிறேன். மின்வாரிய நண்பரும் வருவதாக இப்போதுதான் தலையாட்டினார், நீங்களே சாட்சி. காட்சி வரிசை எழுத, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தைத்தான் ஐயா பயன்படுத்துவார். ஒரு காட்சிக்கு ஒரு அட்டை, வேண்டியபடி முன்பின் மாற்றி அடுக்கலாம். உங்கள் வீட்டில் சேர்ந்திருக்கிற பத்திரிகைகளைத் தூக்கிப் போடாமல் எனக்கு அனுப்பிவையுங்கள். நன்கொடை அதுதான்.

இன்று சாயங்காலம் இறங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழி விட வேண்டும். அது சட்டம், அப்பா ஒருநாளும் மீறினதில்லை. நாம் எல்லாம் இப்போது இறங்குகிறவர்கள். எதிரே பிள்ளைகள் ஏறி வருகிறார்கள்.

செயலாளர் எழுந்து நிற்கிறார். மைக்கை நிறுத்துவதற்குள் நானே நிறுத்திக்கொள்கிறேன்.